தேயிலையின் எல்லையிலே

மஸ்கெலியா என்றதும் நம்மவர் மனத்திலே முதலில் எழுவது சிவனொளிபாத யாத்திரையே. மார்கழிப் பௌர்ணமி தொடங்கி வைகாசிப் பௌர்ணமி வரையில், மின்விளக்குச் சரங்கள் மலையிலே மாலைபோல் ஒளிர, நல்லதண்ணியிலிருந்து அடியார் கூட்டம் இரவிரவாகப் படியேறும். 7,359 அடி உயரமுள்ள அம்மலையின் உச்சியிலே சூரியோதயங் கண்டு இறங்குவோருள், தாம் இருளில் நடந்த பாதையின் இருமருங்கிலும் பரந்து கிடப்பது எத்தகைய வனம் என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலர். அந்தச் சிலருக்காகவும், இனி எண்ணிப் பார்க்கக்கூடிய மாணவர்களுக்காகவும் இதனை எழுதுகின்றோம்.

தோட்டங்களின் மேல் எல்லையில் நின்று நோக்கினால் ஒரு விந்தை புலப்படும். கீழே சீராகக் கவ்வாத்து வெட்டப்பட்ட பசுந்தேயிலை. அதற்கு மேலே, சுவர் எழுப்பினாற் போன்று, திடீரென்று கருங்காடு. இந்த எல்லைக்கு ஒரு வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பிப் பயிருக்காக மலைகள் மொட்டையடிக்கப்பட்டன. அப்பொழுது தாவரவியலறிஞர் யோசப் ஹூக்கர் கூறிய ஆலோசனையை ஏற்று, 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டலாகாது என 1873ஆம் ஆண்டில் ஆங்கில அரசினர் கட்டளையிட்டனர். மழையையும் ஆற்று நீரையும் காப்பதே அதன் நோக்கம். காடு எஞ்சியதால் அதன் குடிகளும் எஞ்சின. 1940இல் ஏறத்தாழ 224 சதுர கிலோமீற்றர் பரப்புடைய இவ்வனம் சரணாலயமாயிற்று. 2010இல் ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மலைக்காடு ஆகியவற்றுடன் உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது.

மாசி மாதத்துக் காலையொன்றில் நாம் அத்தகைய எல்லைப் பாதையொன்றில் நடந்தோம். எமக்கு வழிகாட்டியவர், நாற்பது வருடங்கள் அத்தோட்டத்திலே கவ்வாத்து வெட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். நூல்களிற் படித்தறிந்த எம்மைவிட, எந்த மலையில் எது நடமாடும் என்பதை அவர் நன்கறிவார். (தோட்டத்தாருக்குத் தேயிலைக் காணி ஒவ்வொன்றும் ஒரு 'மலை' என்பதை வெளியூர் வாசகர் நினைவிற் கொள்க.) பிரட்டுக்குத் தப்பு அடிக்கும் முன்னரே எழுந்து பழகியவர், எம்மையும் அதே நேரத்திற்கு எழுப்பிவிட்டார். கையிலே ஒரு துணிப்பொட்டலம் வைத்திருந்தார். கட்டுச்சோறாக்கும் என்று நாம் நினைத்தோம், அது உப்பு! காட்டோரத்து ஈரப்புல்லிலே கால் வைத்த மாத்திரத்தில் அட்டைகள் எமது காலுறைகளைத் தேடி வந்த வேகத்தைக் கண்ட பின்னர்தான் அப்பொட்டலத்தின் அருமை விளங்கிற்று.

இருள் பிரியாத வேளையிலே ஓடையருகில் கூர்மையான சீழ்க்கை ஒலியொன்று கேட்டது. இலங்கைச் சீழ்க்கைப் பூங்குருவி அது. இத்தீவின் மலைநாட்டையன்றி உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. ஆண் பறவை கருநீல நிறம். தோளிலே பளபளக்கும் நீலத்திட்டு ஒன்றுண்டு. விடியலிலும் அந்தியிலுமே பெரிதும் வெளிவரும். நாம் கண்டது அரை நிமிடமும் இராது. மூக்கின் நுனியிலே கொம்புடைய ஓணானைக் காண்பதற்கோ கண்ணைக் காட்டிலும் பொறுமையே வேண்டும். பாசி படிந்த கிளையில் அது அசையாதிருக்கும்போது கிளையே அது, அதுவே கிளை. மரவுச்சியிலே நீண்ட ரோமமுடைய மலைக்குரங்குக் கூட்டமொன்று எம்மைக் கண்டு சற்று ஆரவாரித்துப் பின் தன் பாட்டில் தளிர் தின்னத் தொடங்கியது.

பாலைவனத்திலே விலங்கு காண்பது வேறு வகை. இராசத்தானத்துத் தார்ப் பாலையில் வெட்டவெளியிலே, ஒரு மீற்றர் உயரம் நிமிர்ந்து நிற்கும் கானமயிலைத் தொலைவிலிருந்தே கண்டுகொள்ளலாம். மழைக்காட்டிலோ பத்தடிக்கு அப்பால் இருப்பதும் தெரியாது. இங்கே காதும் மூக்கும் மண்ணிலே பதிந்த தடமுமே துணை.

அத்தகைய தடமொன்றைப் பெரியவர் காட்டினார். ஈரமண்ணிலே நான்கு விரல்களின் பதிவு, நகக்குறி இல்லை. நாயின் அடியானால் நகம் பதியும். சிறுத்தையோ நடக்கையில் நகத்தை உள்ளிழுத்துக்கொள்வது. காட்டை விட்டு இது தேயிலைக்குள் ஏன் வருகிறது என்று வினவினோம்.

"காட்டுக்குள்ள நடக்கிறது அதுக்கும் கஷ்டந்தானே ஐயா? பாதை இருந்தா பாதையிலதான் வரும். நாங்க பகல்ல நடக்கிறோம், அது ராவுல நடக்குது."

ஆராய்ச்சியாளரின் தானியங்கிக் கமெராக்களும் இதையே காட்டியிருக்கின்றன. மலைநாட்டுச் சிறுத்தைகள் காட்டுத் துண்டுகளுக்கிடையே தேயிலை வழியாகப் போய்வருகின்றன. ஒவ்வொன்றின் உடற்புள்ளியும் வெவ்வேறாகையால், படத்தைக் கொண்டே இது இன்ன சிறுத்தை என இனங்காணலாம். இலங்கைச் சிறுத்தை தனியான ஒரு கிளையினம். நாடு முழுவதிலும் வளர்ந்தவை ஆயிரத்துக்கும் குறைவு என்பதே அறிஞர் மதிப்பு.

அவற்றுள்ளும் அரியது கருஞ்சிறுத்தை. அது வேறு விலங்கன்று. பிறப்பிலே நிறமி மிகுந்தமையால் கறுத்த சிறுத்தையே. வெயில் படும்போது கருமைக்குள்ளேயும் புள்ளிகள் தெரியும். 2020ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் திகதி, நல்லதண்ணிக்கு அண்மையில் லக்சபான தோட்டப் பகுதியிலே அத்தகைய கருஞ்சிறுத்தையொன்று கழுத்திற் கம்பிச் சுருக்கு இறுகிய நிலையிற் காணப்பட்டது. வனஜீவராசிகள் திணைக்களத்தார் அதனை மீட்டு உடவளவைக்குக் கொண்டு சென்று சிகிச்சை அளித்தனர். பயனில்லை, 29ஆம் திகதி அது மாண்டது. மலைநாட்டிலே கம்பியில் மாண்ட சிறுத்தை அது ஒன்றுமட்டுமன்று. கருமை நிறத்தால் அது செய்தியாயிற்று. மற்றவை பற்றி இரண்டு வரியோடு பத்திரிகைகள் ஓய்ந்துவிட்டன.

அந்தக் கம்பிகளை யார் கட்டுகின்றார்கள் என்று கேட்பது எளிது. இறைச்சிக்காகக் கட்டுவோர் உண்டு. அவர்களுக்காக நாம் பரிந்து பேசப்போவதில்லை. ஆனால் லயத்தின் பின்புறத்திலே கையகல நிலத்தில் உருளைக்கிழங்கோ லீக்ஸோ போட்டு, அதனை ஓரிரவிலே காட்டுப்பன்றிக்குப் பறிகொடுத்துவிட்டு நிற்பவனும் கட்டுகின்றான். அந்த நிலமும் பெரும்பாலும் அவன் பெயரில் எழுதப்பட்டதன்று. பன்றிக்கு வைத்த கம்பியில் சிறுத்தை விழுகின்றது. பன்றியைத் தின்று அதன் பெருக்கத்தைக் குறைக்கக்கூடியதும் அதே சிறுத்தைதான். தாரிலே நாம் குறிப்பிட்ட கானமயிலும், எஞ்சியிருப்பன இருநூறுக்கும் குறைவாகிவிட்ட நிலையில், மின்கம்பிகளில் மோதி மடிகின்றது. அங்கே உயர்ந்த கம்பி; இங்கே தாழ்ந்த கம்பி.

இந்நாட்களிலே முதுகிற் பொதி சுமந்து மலைநாட்டை நடந்து பார்க்க வருவோர் தொகை பெருகியுள்ளது. கண்டியிலிருந்து பொகவந்தலாவை ஊடாக நுவரெலியா வரை, பழைய தோட்டப் பாதைகளை இணைத்து, 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட 'பீக்கோ' நடைபாதை 22 கட்டங்களாக அமைக்கப்பட்டிருக்கின்றது. நல்லதே. ஆயினும் விலங்கு எங்கே என்று வெளிநாட்டார் கேட்கும்போது, விடை சொல்லும் வேலையும் அதற்குரிய கூலியும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கே கிடைக்க வேண்டும் என்பது எமது கருத்து. தடம் பார்க்கத் தெரிந்தவன் கையிலே சிறுத்தை உயிரோடிருப்பதனால் நாலு காசு வருமாயின், பக்கத்து வீட்டான் கட்டிய கம்பியையும் அவனே போய் அவிழ்ப்பான்.

புறப்பட எண்ணும் மாணவர்களுக்கு ஓரிரு வார்த்தை. தை முதல் பங்குனி வரையில் மழை குறைவு. மங்கிய நிற உடை அணிக. வானொலிப் பெட்டியையும் கைப்பேசிப் பாட்டையும் வீட்டிலே விட்டுச் செல்க. யாத்திரைப் பாதையை விட்டு விலகித் திணைக்களத்தின் அனுமதியின்றி வனத்துள் நுழைதல் தகாது. தோட்டப் பாதையானாலும் அந்தி மயங்கிய பின் தனியே நடக்க வேண்டாம். தேயிலைச் செடியினடியிற் படுத்திருந்த சிறுத்தையைத் தெரியாமல் நெருங்கிக் காயமுற்ற கொழுந்து பறிக்கும் பெண்கள் இருக்கின்றனர்.

நாம் அன்று சிறுத்தையைக் காணவில்லை. பத்து மணியளவிலே இறங்கி வந்தபோது மவுசாக்கலை நீர்த்தேக்கம் வெயிலில் மின்னிற்று. 1969இல் அது நிறைந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் அதனுள் ஆழ்ந்தது. நீர் மிக வற்றும் ஆண்டுகளிலே பழைய கோவில் மேலெழுந்து நிற்பதைக் காணலாம். பெரியவரின் வீட்டிலே சாயத்தேநீர் தந்தார்கள். பின்புறத்திலே அவருடைய பாத்தியைப் பார்த்தோம். இரவு பன்றி வந்திருந்தது. பாதிக் கிழங்கு வெளியே கிடந்தது. பெரியவர் ஒன்றும் பேசாமல், உடையாத கிழங்குகளைப் பொறுக்கிச் சாக்கிலே போட்டுக்கொண்டிருந்தார். நாமும் குனிந்து பொறுக்கினோம்.