சிக்னலில் மட்டும் ஏன் சூடாகிறது?

“ரோட்டுல ஓடுறப்போ ஒண்ணும் இல்ல சார். சிக்னல்ல நின்னா முள்ளு மேல ஏறிடுது.”

அக்னி நட்சத்திரம் வந்துவிட்டால் எந்த ஊர் ஒர்க்‌ஷாப்பிலும் இந்தப் புகார் காதில் விழும். சொல்பவருக்கே தெரியாமல் பழுதுக்கான பாதி விடையை அதிலேயே சொல்லிவிடுகிறார். ஆனால் பல இடங்களில் அந்தப் பாதியை யாரும் காதில் வாங்குவதில்லை. ‘ஹீட் ஆகுதா? வாட்டர் பம்ப்பை மாத்திடலாம், ரேடியேட்டரையும் கழட்டிப் பார்த்துடலாம்’ என்று பில் நீள்கிறது. பல ஆயிரம் செலவழித்த பிறகும் அதே சிக்னலில் அதே முள் ஏறுகிறது. எப்போது சூடாகிறது என்று கேட்காமல் ஸ்பேனரை எடுக்கக் கூடாது.

வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்று தானாகவே கிரில் வழியாகப் புகுந்து ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. பேனுக்கு அங்கே பெரிய வேலை இல்லை. விடுமுறை முடிந்து ஊர் திரும்பும் நாளில் பரனூர் சுங்கச்சாவடி வரிசையில் நிற்கும்போது கதை மாறிவிடுகிறது. எதிர்க்காற்று கிடையாது, பேன் இழுத்துக் கொடுத்தால்தான் உண்டு. ஏசி ஓடினால், ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சர் தன் சூட்டையும் அதே காற்றில் ஏற்றிவிடுகிறது. இன்ஜின் 800 ஆர்பிஎம் அளவில் சுற்றுவதால் வாட்டர் பம்ப்பும் நிதானமாகத்தான் தண்ணீரைத் தள்ளும். ஆகவே நின்றால் சூடு, ஓடினால் சரி என்றால் முதல் சந்தேகம் காற்றின் மேல் விழ வேண்டும். நெடுஞ்சாலையில் விரட்டும்போது ஏறி, நிறுத்தினால் இறங்குகிறது என்றால் அது வேறு வியாதி: ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்காமல் இருக்கலாம்.

காற்றைச் சோதிக்கக் கருவி வேண்டாம். இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஏசி போட்டதும் பேன் சுற்றியாக வேண்டும். அப்போது சுற்றி, வெறும் இன்ஜின் சூட்டுக்கு மட்டும் சுற்றவில்லை என்றால் மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது. சூட்டை அறியும் சென்சாரையும் அதன் ஒயரிங்கையும் பார்க்க வேண்டும். இரண்டுக்குமே சுற்றவில்லையா? ஃபியூஸ், ரிலே, எர்த், கடைசியாக மோட்டார். பேன் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒரு முனை உருகிச் சாய்ந்திருக்கும் காட்சி அடிக்கடி கிடைக்கும். பிளக் வரை 12 வோல்ட் வந்தும் மோட்டார் அசையாமல், ஒரு தட்டு தட்டினால் மட்டும் ஓடுகிறது என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது.

பேன் சுற்றுகிறதே என்று அத்தோடு விட்டுவிடுவதுதான் பலர் ஏமாறும் இடம். சுற்றினால் போதாது, இழுக்க வேண்டும். பேன் ஓடும்போது ஒரு தாளை கிரில் முன் பிடித்தால் அது ஒட்டிக்கொள்ள வேண்டும். நழுவி விழுந்தால் காற்று போதவில்லை. வெளியே தள்ளப்பட்டால், யாரோ மோட்டார் மாற்றும்போது ஒயரை மாற்றிக் கொடுத்து பேன் எதிர்த்திசையில் சுற்றுகிறது. இரண்டு வேகப் பேன் உள்ள வண்டிகளில் மெதுவேகத்துக்கான ரெசிஸ்டர் எரிந்துபோனால், முள் வெகு தூரம் ஏறிய பிறகே பேன் திடீரென்று அலறிக்கொண்டு கிளம்பும்.

பழைய சுமோ, இன்னோவா மாதிரியான டீசல் வண்டிகளில் பேன் கரண்டில் ஓடுவதில்லை. பெல்ட்டோடு சேர்ந்து, சிலிகான் எண்ணெய் நிரம்பிய விஸ்கஸ் கிளட்ச் வழியாகச் சுற்றுகிறது. அந்த எண்ணெய் கசிந்துவிட்டால் பேன் பேருக்குத்தான் சுற்றும். வண்டி நன்றாகச் சூடானதும் இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, பேனைக் கையால் சுழற்றிப் பார்க்கலாம். கனமாகத் தடுத்தால் நல்லது. தடையே இல்லாமல் பல சுற்று சுற்றினால் கிளட்ச் போய்விட்டது.

பேன் சரியாக இருந்தும் காற்று வராமல் இருக்க இன்னொரு காரணம், கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இருக்கும் விரலளவு இடைவெளி. முன்னால் நின்று பார்த்தால் கண்டென்சர் பளிச்சென்று தெரியும். மேல் போல்ட்டைத் தளர்த்தி நடுவே டார்ச் அடித்தால் பூச்சி இறக்கை, புழுதி, தலைமுடி எல்லாம் சேர்ந்து கம்பளி போலப் படிந்திருக்கும். டெல்டாப் பக்கம் அறுவடைக் காலத்தில் சாலையில் பரப்பிய உளுந்துச் செடி மேல் ஓடிய வண்டி என்றால் சருகும் தூசியும் கூடவே இருக்கும். பேன் பக்கத்திலிருந்து வெளிநோக்கி, மெல்லிய விசையில் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் கன்னை முகத்துக்கு நேரே பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி, இருக்கிற வழியும் அடைந்துவிடும்.

அடுத்து ரேடியேட்டர் மூடி. குக்கரின் வெயிட்டைப் போல இது உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. சுமார் 1 பார் அழுத்தம் கூடுதலாக இருக்கும்போது வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ஸ்பிரிங்கோ ரப்பரோ போனால் 100 டிகிரியைத் தாண்டும்போதே கொதிக்கத் தொடங்கி, ரிசர்வ் டேங்க்கில் பொங்கி வழியும். சில நூறு ரூபாய்ப் பொருள் இது. சூடான வண்டியில் மட்டும் அதைத் திறந்துவிடாதீர்கள். பீய்ச்சும் நீராவி முகத்தை வேகவைத்துவிடும்.

நம் ஊரில் இதைவிடப் பெரிய எதிரி போர் தண்ணீர். குறைகிறதென்று குழாயைத் திறந்து ஊற்றிக்கொண்டே இருந்தால் உப்பு படிந்து, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் அடைத்துவிடும். பழைய செம்பு ரேடியேட்டரைப் பிரித்துக் கம்பி விட்டுக் குத்திப் பற்றவைத்துக் கொடுத்தார்கள். இப்போதைய அலுமினியம், பிளாஸ்டிக் டேங்க் வகையில் பெரும்பாலும் புதிதுதான் வாங்க வேண்டும். கூலன்ட்டோடு காய்ச்சி வடித்த நீரைத்தான் கலக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும், பேனை டைரக்ட் பண்ணிவிடுவதும் வைத்தியம் அல்ல. தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் நெடுஞ்சாலையில் உரிய சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் குடிக்கும். டைரக்ட் பண்ணிய பேன் எந்நேரமும் ஓடித் தேய்ந்து, ஒருநாள் சொல்லாமல் நின்றுவிடும். வாடிக்கையாளரின் அவசரத்தைச் சாக்காக வைத்து இதைச் செய்வது எனக்கு ஒப்பவே இல்லை.

காற்று, மூடி, கூலன்ட் அளவு எல்லாம் சரியாக இருந்தும் ஏறினால், ஏர்லாக் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூலன்ட் மாற்றிய சில நாளில் தொல்லை ஆரம்பித்து, ஹீட்டரில் சூடான காற்றும் வராவிட்டால் அநேகமாக அதுதான். குளிர்ந்த இன்ஜினை மூடி திறந்தபடி ஸ்டார்ட் செய்ததும் ரேடியேட்டரில் குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கெட் சந்தேகம். ஹெட்டைக் கழற்றச் சம்மதிக்கும் முன், நீல நிறத் திரவத்தில் அந்தக் காற்றைச் செலுத்தும் சோதனையைக் கேளுங்கள். பெட்ரோல் இன்ஜினில் எரிந்த வாயு கலந்திருந்தால் அது மஞ்சளாகும்.

நெரிசல் நடுவே முள் ஏறினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் போடுங்கள். உள்ளே வெந்து போவீர்கள். ஆனால் இன்ஜினின் சூட்டில் ஒரு பங்கு அந்த வழியே வெளியேறும். சிவப்பு விளக்கு வந்துவிட்டால் ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள். பச்சைத் தண்ணீரை இன்ஜின் மேல் ஊற்றவே கூடாது. அலுமினிய ஹெட் கோணிக்கொள்ளும்.

பழுது பார்த்த வண்டியை எடுக்கும்போது ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுப்பதுதான் வழக்கம். இந்தப் பழுதுக்கு அது போதாது, ஓடும்போது அது காட்டிக்கொடுக்காதே. ஏசியை அணைத்துவிட்டு, ஒர்க்‌ஷாப் வாசலிலேயே வண்டியை ஐடிலில் நிறுத்துங்கள். முள் இல்லாத வண்டி என்றால் ஓபிடி பிளக்கில் ஸ்கேனரைச் செருகி கூலன்ட் சூட்டைப் பாருங்கள். வண்டிக்கு வண்டி சற்று மாறினாலும், 95 முதல் 100 டிகிரிக்குள் பேன் கிளம்பி, சூட்டை இறக்கி, தானே நிற்க வேண்டும். அப்படி இரண்டு மூன்று முறை நடந்த பிறகு ஏசியையும் போட்டு இன்னும் கால் மணி நேரம் விடுங்கள். அதன் பிறகு பில்லைக் கேளுங்கள்.