செல்லாத நோட்டுகளின் செதுக்கோவியம்

மேசைமேல் யாரோ நோட்டுகளை அள்ளி வீசிவிட்டுப் போனது போல ஒரு படம். ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து கிடக்கின்றன. சில பாதி மறைந்திருக்கின்றன, சிலவற்றின் நிழல் அடுத்த தாளில் விழுகிறது. தொட்டுப் பார்த்தால்தான் எல்லாமே ஒரே தாளில் அச்சான கோடுகள் என்று தெரியும். பிரெஞ்சுப் புரட்சியின் கடைசி ஆண்டுகளில், 1796 வாக்கில், இத்தகைய அச்சுப்படங்கள் பிரான்சில் வெளிவந்தன.

படத்தில் கிடப்பவை ‘அசின்யா’ எனப்பட்ட காகிதப் பணம். திருச்சபையிடமிருந்து அரசு எடுத்துக்கொண்ட நிலங்களை ஈடாகக் காட்டி, 1789 டிசம்பரில் 40 கோடி லிவ்ர் மதிப்புக்கு இவற்றை வெளியிட முடிவானது. முதலில் வட்டி தரும் பத்திரங்களாக இருந்தவை, பிறகு கைமாறும் பணமாயின. போர்ச் செலவு ஏற ஏற அரசு அச்சடித்துக்கொண்டே போனது. மதிப்பு அதலபாதாளத்துக்குச் சரிந்தது. 1796 பிப்ரவரி 19 அன்று பாரிசின் வாந்தோம் சதுக்கத்தில், மக்கள் கண்ணெதிரே, நோட்டு அடிக்கும் தகடுகளும் கருவிகளும் அழிக்கப்பட்டன. பணம் செல்லாக்காசான பிறகும் அதன் உருவத்துக்கு வாங்குவோர் இருந்தனர்.

இந்தப் படங்களைச் செய்வது எளிதல்ல. செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இடுவார்கள். மெழுகு விலகிய கோடுகளை மட்டும் அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். பள்ளத்தில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளைகளுக்கு இடையே அழுத்தினால் படம் தாளில் ஏறும். ஆனால் இடம் வலமாக மாறித்தான் ஏறும். ஆகவே நோட்டில் உள்ள எழுத்தையெல்லாம் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பிக் கீற வேண்டும். அசின்யாவில் எழுத்துக்குக் குறைவில்லை: தொகை, வரிசை எண், கையொப்பம், கள்ள நோட்டு அடிப்பவருக்கு மரண தண்டனை, காட்டிக் கொடுப்பவருக்கு வெகுமதி என்ற எச்சரிக்கை. மரண தண்டனைக்குரிய அந்த வேலையையே, ஏமாற்றும் நோக்கமின்றி, செதுக்குநர் எழுத்தெழுத்தாகச் செய்து காட்டினார். தொடக்கக்கால நோட்டுகளில் மன்னர் பதினாறாம் லூயியின் முகம் உண்டு. பிந்தியவற்றில் குடியரசின் சின்னங்கள். இரண்டும் ஒரே குவியலில் கிடக்கும்போது புரட்சியின் போக்கே கண்முன் விரிகிறது. இந்த வகைப் படங்களின் உண்மையான மதிப்பு அதில்தான் இருக்கிறது.

நூறாண்டுக்கு மேல் கழித்து அன்றாட அச்செழுத்து வேறு வடிவில் திரும்பி வந்தது. ஓவியர் ஜார்ஜ் பிராக் 1911இல் செய்த ‘ஃபாக்ஸ்’ (FOX) என்ற செதுக்கோவியத்தில், உடைந்த கோடுகளுக்கு நடுவே ஒரு மதுக்கடையின் பெயர் நிற்கிறது. அமிலம் இல்லாமல் ஊசியால் நேரடியாகச் செப்பைக் கீறியது அது. அங்கும் அந்த மூன்று எழுத்துகளைத் திருப்பித்தான் கீற வேண்டியிருந்தது.