குற்றவாளியாகவே இருந்தாலும்

"‘விசாரணை’ படத்தோட கடைசிப் பகுதி நம்ம கீழ்க்கட்டளை பேங்க் கதைதானாமே அண்ணே?" என்று டீக்கடைப் பெஞ்சில் ஒரு தம்பி கேட்டார். அந்தக் கொள்ளை நடந்த 2012இல் அவருக்கு ஐந்தாறு வயதுதான் இருந்திருக்கும். கேள்வி நல்ல கேள்வி. பாதி ஆமாம், பாதி இல்லை. அதைக் கொஞ்சம் பொறுமையாகப் பிரித்துச் சொல்ல வேண்டும்.

முதலில் நடந்தது. 2012 ஜனவரி 23, திங்கட்கிழமை. சென்னை பெருங்குடியில் பாங்க் ஆஃப் பரோடா கிளைக்குள் துப்பாக்கியோடு புகுந்து கொள்ளையடித்தார்கள். நான்கு வாரம் கழித்து பிப்ரவரி 20, அதுவும் திங்கட்கிழமை. இந்த முறை நம் கீழ்க்கட்டளை இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. இரண்டுமே பட்டப்பகலில். ஊர் பயந்து போயிருந்தது, அது பொய்யில்லை. 22ஆம் தேதி, சந்தேகப்படும் ஆள் என்று ஒருவரின் வீடியோ காட்சியைப் போலீஸ் வெளியிட்டது. அன்று நள்ளிரவு தாண்டி, வேளச்சேரி நேரு நகரில் ஒரு வாடகை வீட்டில் ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எல்லாரும் வடநாட்டு இளைஞர்கள். சரணடையச் சொன்னோம், உள்ளேயிருந்து சுட்டார்கள், தற்காப்புக்குத் திருப்பிச் சுட்டோம் என்றது போலீஸ். இரண்டு இன்ஸ்பெக்டர்களுக்குக் காயம். பணமும் துப்பாக்கிகளும் கிடைத்ததாகச் சொன்னார்கள். வீட்டைச் சுற்றி வளைத்த பிறகு ஒருவரைக்கூட உயிரோடு பிடிக்க முடியாதா என்று மனித உரிமை அமைப்புகள் கேட்டன. தேசிய மனித உரிமை ஆணையம் தானாக முன்வந்து விளக்கம் கேட்டது.

இனி படம். வெற்றிமாறனின் ‘விசாரணை’ 2015இல் வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டு, 2016 பிப்ரவரியில் தியேட்டருக்கு வந்தது. அதன் முதல் பாதி கோயம்புத்தூர் ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் எழுதிய ‘லாக்கப்’ நூலிலிருந்து வந்தது; குண்டூர் போலீஸிடம் அவர் பட்ட அடியின் கதை. இரண்டாம் பாதி அந்த நூலில் இல்லை. பிழைக்கப் போன ஏழைகள், பார்க்கக் கூடாத ஒன்றைப் பார்த்துவிட்டதால், கொள்ளையர் என்று ஜோடிக்கப்பட்டுத் தீர்த்துக் கட்டப்படுகிறார்கள். வேளச்சேரியை அறிந்தவர்களுக்கு அது நினைவுக்கு வராமல் இருக்காது.

ஆனால் தம்பி, இங்கேதான் கவனம் வேண்டும். அந்த மூடிய வீட்டுக்குள் என்ன நடந்தது என்று படம் நமக்குக் காட்டவில்லை. அது இன்னொரு வீட்டைக் கற்பனை செய்து காட்டுகிறது. வேளச்சேரி ஐவரும் அப்பாவிகள் என்பதற்கு இந்தப் படம் சாட்சி ஆகாது. அவர்கள்தான் கொள்ளையர் என்பதற்குப் போலீஸின் பத்திரிகையாளர் சந்திப்பும் தீர்ப்பு ஆகாது. அடையாள அணிவகுப்பு, வங்கி ஊழியரின் சாட்சியம், குறுக்கு விசாரணை என்று அதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் உயிரோடு இருந்தால்தான் அந்த வழி திறக்கும்.

எனக்கு இத்தகைய படங்கள் மீது பெரிய மரியாதை உண்டு. 1993இல் கம்மாபுரம் போலீஸ் காவலில் இறந்த ராஜாக்கண்ணுவை இன்று ஊரே அறிந்திருப்பது 2021இல் வந்த ‘ஜெய் பீம்’ படத்தால்தான். ஆனாலும் ஒரு குறை உறுத்துகிறது. செத்தவர் நிரபராதி என்று முதலிலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. அதனால் அழுவது சுலபமாகிவிடுகிறது. ‘ஜெய் பீம்’ எடுத்த த.செ. ஞானவேல், என்கவுன்டர் போலீஸையே நாயகனாக்கி 2024இல் ‘வேட்டையன்’ எடுத்தார். அங்கேயும் நாயகனின் மனம் மாறுவது, தவறான ஆளைச் சுட்டுவிட்டோம் என்று தெரிந்த பிறகுதான். அப்படியென்றால் சரியான ஆளைச் சுட்டிருந்தால் பரவாயில்லையா?

சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 2014 செப்டம்பரில், மக்கள் சிவில் உரிமைக் கழகம் மகாராஷ்டிர அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 16 விதிகளைச் சொன்னது. போலீஸ் சுட்டு ஒருவர் இறந்தால் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும். சுட்ட குழு அதை விசாரிக்கக் கூடாது, சி.ஐ.டி.யோ வேறு காவல் நிலையக் குழுவோ மேலதிகாரி ஒருவரின் மேற்பார்வையில் விசாரிக்க வேண்டும். மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம். சம்பவம் நடந்த கையோடு பதவி உயர்வோ வீரப் பதக்கமோ கூடாது. இறந்தவர் நல்லவரா கெட்டவரா என்று எந்த விதியும் கேட்கவில்லை.

"அப்போ அந்த அஞ்சு பேரும் நிஜமாவே திருடினவங்கன்னா?" என்றார் தம்பி. திருடியிருந்தால் ஜெயில். கீழ்க்கட்டளை கேஷியர் கூண்டில் ஏறி, இவர்தான் என்று கை நீட்டியிருக்க வேண்டும். யார் துப்பாக்கி கொடுத்தது, இந்த வங்கிகளை யார் நோட்டம் பார்த்தது என்பதெல்லாம் அவர்கள் வாயாலேயே வந்திருக்கும். உண்மையிலேயே வங்கியைக் கொள்ளையடித்த ஒருவனை நாயகனாக்கி, அவனையும் கோர்ட்டுக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று பார்ப்பவரைப் பதற வைக்கும் ஒரு தமிழ்ப் படத்துக்காகக் காத்திருக்கிறேன்.