மாட்டுக்காரர் சேணத்தில் முதல் சவாரி

பசிபிக் பெருங்கடலின் நடுவே உள்ள ஹவாய்த் தீவுகளுக்கு விடுமுறைக்குச் செல்வோர் கடற்கரையையும் அலைச்சறுக்கையும் எரிமலையையுமே பெரும்பாலும் எதிர்பார்த்துச் செல்கின்றனர். ஆயினும் அத்தீவுக்கூட்டத்தில் மிகப் பெரியதான ஹவாய்த் தீவின் வடபகுதியில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில், மூடுபனியும் காற்றும் மாறி மாறி வீசும் வைமேயா என்னும் ஊரைச் சூழ்ந்த புல்வெளிகளில், அதுவரை குதிரை மீது ஏறியே இராத பலர் தங்கள் முதல் சவாரியை மேற்கொள்கின்றனர். ஓரிரு மணி நேரம் நீளும் அந்தச் சவாரி பெரும்பாலும் இடரின்றி முடிந்துவிடுவதால், குதிரையைத் தாமே நடத்திச் சென்றதாக எண்ணிக்கொண்டு இறங்குவோரும் உண்டு. உண்மையில் புதியவர் அங்கே செய்வது மிகக் குறைவு. அவர் அமரும் சேணமும், கடிவாள வாரை ஒரே கையில் பிடிக்கும்படி அவருக்குச் சொல்லப்படும் முறையும், அவரைச் சுமக்கும் விலங்கின் பொறுமையும் மாடு பிடிக்கும் தொழிலிலிருந்து வந்தவை. சுற்றுலா அவற்றைப் பிற்காலத்தில் எடுத்துக்கொண்டதே தவிர, புதிதாக உருவாக்கவில்லை.

குதிரையும் மாடும் இத்தீவுகளுக்குச் சொந்தமான விலங்குகள் அல்ல. பிரிட்டிஷ் கடற்படைத் தலைவர் ஜார்ஜ் வான்கூவர் 1793-இலும் அதற்கடுத்த ஆண்டிலும் கொண்டுவந்த மாடுகளை முதலாம் கமேஹமேஹா மன்னருக்கு அன்பளிப்பாக அளித்தார். அவை பெருகட்டும் என்ற நோக்கில், அவற்றைக் கொல்லலாகாது என்று மன்னர் ‘கபு’ விதித்தார். கபு என்பது சமயமும் அரசாணையும் ஒன்றுகலந்த தடை, அதை மீறுவது உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடியது. தடை எண்ணியதற்கு மேலாகவே பலித்தது. காட்டில் கட்டின்றித் திரிந்து பெருகிய மாடுகள் தோட்டங்களை மேய்ந்தன, காடுகளை அழித்தன, வழியில் எதிர்ப்பட்ட மனிதரையும் முட்டின. குதிரை வந்தது அதற்குப் பின்னரே: ரிச்சர்ட் கிளீவ்லாண்ட் என்னும் அமெரிக்க வணிகர் 1803-இல் கலிஃபோர்னியக் கரையிலிருந்து கப்பலில் ஏற்றிவந்த குதிரைகளே இத்தீவினர் கண்ட முதல் குதிரைகள். மாட்டை அடக்குவதற்கு வேண்டிய விலங்கு கைக்கு வந்துவிட்டபோதிலும், அதன் மீதேறி மாடு பிடிக்கும் வித்தையை அறிந்தவர் எவரும் அப்போது தீவில் இல்லை.

அந்த வித்தை 1830-களின் தொடக்கத்தில், அப்போது மெக்சிகோவின் ஆட்சியில் இருந்த கலிஃபோர்னியாவிலிருந்து, ‘வக்கேரோ’ எனப்படும் குதிரைமாட்டுக்காரர்களோடு வந்து சேர்ந்தது. சுருக்குக் கயிறு வீசவும், பிடிபட்ட மாட்டின் இழுப்புக்கு ஈடுகொடுத்துக் குதிரையை நிலையாக நிறுத்தவும், பச்சைத் தோலை வாராக வார்ந்து கயிறு முறுக்கவும் அவர்கள் ஹவாய் மக்களுக்குக் கற்றுத்தந்தனர். கற்றுக்கொண்டவர்களின் வழிவந்தோர் இன்றும் ‘பனியோலோ’ என்றே அழைக்கப்படுகின்றனர். டெக்சாஸ் சமவெளிகளில் மாபெரும் மந்தைகளை ஓட்டிச்சென்ற கௌபாய்களின் காலம் அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிந்தியது என்பதை நோக்கினால், திரைப்படங்கள் உலகெங்கும் பரப்பிய அந்த உருவத்துக்குப் பனியோலோக்கள் ஒரு தலைமுறை மூத்தவர்கள் என்று சொல்லலாம். காட்டு மாடுகளைச் சுட மன்னரிடம் அனுமதி பெற்றிருந்த ஜான் பால்மர் பார்க்கர், மன்னரின் பேத்தியை மணந்துகொண்டு 1847-இல் வைமேயாவில் தொடங்கிய பண்ணை, பின்னர் அமெரிக்காவின் பெரிய மாட்டுப் பண்ணைகளில் ஒன்றாக வளர்ந்தது.

பனியோலோக்களின் பணிகளில் கடினமானது மேய்ச்சல் நிலத்தில் அன்று, கடலில் நடந்தது. பெரிய கப்பல்கள் அணையத்தக்க துறைமேடை இல்லாத கரைகளில், கயிற்றில் சிக்கிய மாட்டைக் குதிரையால் இழுத்து அலைகளுக்குள் இறக்கி, குதிரையும் மாடும் நீந்திச் சென்று, ஆழத்தில் காத்திருக்கும் படகின் விளிம்போடு மாட்டின் தலையைச் சேர்த்துக் கட்டிவிட்டுத் திரும்புவர். அப்படகு பல மாடுகளை இருபுறமும் கட்டிக்கொண்டு கப்பலை அடைந்ததும், வயிற்றுக்கடியில் பட்டை இட்டு அவற்றை மேலே தூக்குவார்கள். சேணம் உப்புநீரில் ஊறும் இத்தொழிலில் மெக்சிகோவின் கனத்த தோல் வேலைப்பாடுகள் உதவாமற்போக, மரச்சட்டம் வெளியே தெரியும் இலகுவான சேணம் ஹவாயில் உருவாயிற்று. இன்றைய சுற்றுலாப் பண்ணைகளில் காணப்படுவது பெரும்பாலும் அமெரிக்க மேற்கத்தியச் சேணமே என்றாலும், இரண்டின் முன்புறத்திலும் ஒரே உறுப்பு நிமிர்ந்து நிற்கிறது: ‘கொம்பு’ எனப்படும் அந்த முளையில்தான் மாட்டைப் பிடித்த கயிறு சுற்றி இறுக்கப்படும். பள்ளத்தில் குதிரை இறங்கும்போது புதியவர் இரு கைகளாலும் இறுகப் பற்றிக்கொள்வது அதே கொம்பைத்தான். அது அதற்காக ஏற்பட்டதன்று என்றாலும், எந்த வழிகாட்டியும் அதைக் குறை சொல்வதில்லை.

இக்கலையின் தரத்தை வெளியுலகம் 1908-இல் அறிந்தது. வயோமிங் மாநிலத்தின் ஷையேன் நகரில் நடந்த காளை பிடிக்கும் போட்டியில், வைமேயாவைச் சேர்ந்த இக்குவா பர்டி, இரவல் குதிரையில் ஏறி, 56 வினாடிகளில் காளையைக் கட்டிப்போட்டு உலகப் பட்டம் வென்றார்.

விடுமுறைப் பயணியின் வரலாற்றில் இதைவிடப் பொருத்தமான சான்று இசபெல்லா பேர்ட் என்னும் ஆங்கிலப் பெண்மணியுடையது. நாற்பது வயதைக் கடந்து, முதுகுத்தண்டு வலியால் நெடுங்காலம் துன்புற்றிருந்த அவர், 1873-இல் வேறோர் இடத்துக்குச் செல்லும் வழியில் ஹவாயில் இறங்கி, ஆறு மாதங்களுக்கு மேல் அங்கேயே தங்கிவிட்டார். அக்கால ஐரோப்பியப் பெண்கள் இரு கால்களையும் ஒரே பக்கமாகத் தொங்கவிட்டு அமர்வதே மரியாதை எனக் கருதப்பட்டது. இடுப்பைத் திருகி அமரவேண்டிய அம்முறை அவரது முதுகைப் பெரிதும் வருத்திற்று. ஹவாய்ப் பெண்களோ ‘பாவு’ என்னும் நீண்ட துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு, ஆண்களைப் போலவே இருபுறமும் கால் இட்டுச் சவாரி செய்தனர். மெக்சிகோ வகைச் சேணத்தில் அவ்வாறே அமர்ந்து கிலாவேயா எரிமலைக்குச் சென்ற பேர்ட், அதற்குப் பின் அம்முறையைக் கைவிடவில்லை. பாவு அணிந்த பெண்களை, முதலாம் கமேஹமேஹாவின் நினைவாக ஜூன் 11-ஐ ஒட்டி நடைபெறும் ஊர்வலங்களில் இப்போதும் காணலாம். ஒவ்வொரு தீவுக்கும் உரிய வண்ணத்தையும் மலரையும் அவர்கள் சூடி வருகின்றனர்.

இனி, சவாரியின் இயக்கத்தைப் பார்க்கலாம். குதிரை, பிற விலங்குகளால் வேட்டையாடப்படும் இனமாகையால், அதன் கண்கள் தலையின் இருபக்கங்களிலும் அமைந்து ஏறக்குறைய முழு வட்டத்தையும் காண்கின்றன. நெற்றிக்கு நேர்முன்னும் வாலுக்கு நேர்பின்னும் மட்டுமே அதற்குத் தெரியாத இடங்கள். பின்புறமாக நெருங்காமல், தோள்பக்கமாகப் பேசிக்கொண்டே வரும்படி சொல்வது இதனால்தான். ஏறுவது வழக்கமாக இடப்பக்கத்திலிருந்து. இடுப்பின் இடப்பக்கத்தில் வாள் தொங்கிய காலத்துப் படைவீரர்களின் பழக்கம் அது என்பர். அங்கவடி, அதாவது கால் வைக்கும் வளையம், பாதத்தின் முன்பகுதியை மட்டுமே தாங்கவேண்டும். குதிகால் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். பாதம் முழுவதும் உள்ளே நழுவிவிட்டால், விழுபவர் தரையில் இழுபட்டுச் செல்ல நேரும் என்பதாலேயே, கடற்கரைக்கு ஏற்ற ரப்பர் செருப்போடு வருபவரைப் பண்ணைகள் சேணத்தில் ஏற்றுவதில்லை.

திருப்புவதற்கு இரு கைகளும் தேவையில்லை. வார்களை ஒரே கையில் சேர்த்துப் பிடித்து இடப்புறம் நகர்த்தினால், வலப்பக்க வார் கழுத்தில் உரசுவதை உணர்ந்து குதிரை இடப்புறம் திரும்பும். மற்றக் கை கயிறு வீசுவதற்கு ஓய்வாக இருக்கவேண்டும் என்பதற்காக மாட்டுக்காரர்கள் பழக்கிய முறை இது. கயிறே இல்லாத சுற்றுலாப் பயணிக்கு அந்தக் கை பெரும்பாலும் கைப்பேசியில் படம் எடுக்கப் பயன்படுகிறது. வரிசையில் செல்லும் குதிரையை அவர் திருப்ப முயன்றாலும் அது உடனே இணங்கும் எனச் சொல்ல இயலாது. மந்தையாக வாழும் விலங்கு என்பதால் முன்னே செல்லும் குதிரையைப் பின்தொடர்வதே அதற்கு இயல்பு, வழியும் அதற்கு மனப்பாடம். வாலில் சிவப்பு நாடா கட்டிய குதிரை முன்னே சென்றால் மட்டும் இடைவெளியைக் கூட்டவேண்டும்; அது உதைக்கும் பழக்கம் உடையது என்பதற்கு அடையாளம் அந்நாடா.

நடையில் நான்கு குளம்புகளும் தனித்தனியே தரையைத் தொடுவதால் சவாரி மென்மையாக அசைகிறது. அதற்கடுத்த வேகத்தில் மூலைவிட்டமாக எதிரெதிர் கால்கள் இணைந்து விழுவதால், பழகாத உடல் சேணத்தில் குதித்துக் குதித்து விழும். முதல் சவாரிகள் நடையோடு நின்றுவிடுவதற்கு அதுவே காரணம். நடை மட்டுமே என்றாலும், அன்றாட வாழ்வில் அதிகம் வேலை செய்யாத உள்தொடைத் தசைகள் மறுநாள் வலிக்கவே செய்யும்.

பயணியின் எடையைப் பண்ணைகள் முன்கூட்டியே கேட்பது நாகரிகமற்ற செயலாகச் சிலருக்குத் தோன்றுகிறது. ஒரு குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கலாகாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு அது 90 கிலோ, அதில் சேணத்துக்கு 15 கிலோ கழித்தால் மனிதருக்கு எஞ்சுவது 75 கிலோவே. அதைவிடக் கனத்தவருக்குப் பெரிய குதிரை வேண்டும், அது இல்லாவிட்டால் சவாரியை மறுக்கவேண்டும். எடையைச் சற்றுக் குறைத்தே சொல்லும் பழக்கம் எல்லா நாட்டினருக்கும் பொதுவானது என்பதால், வாயிற்புறத்திலேயே எடைக்கருவி வைத்திருக்கும் பண்ணைகளும் உண்டு.