மணத்தைச் சொல்லுங்கள்

2022ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு வெள்ளிக்கிழமை. ஸ்ரீரங்கநாச்சியார் சந்நிதியில் அர்ச்சகர் வார்த்த தீர்த்தத்தைக் கண்மூடி அருந்திய என் மனைவி, பிராகாரத்துக்கு வந்ததும், "நாக்கில் குளிர்ச்சி தெரிகிறது, மணம் மட்டும் வரவில்லை. எப்படி இருந்தது, சொல்லுங்கள்" என்றாள்.

"நன்றாக இருந்தது" என்றேன்.

"நன்றாகத்தான் இருக்கும், அது எனக்குத் தெரியாதா? எப்படி இருந்தது?"

முப்பத்து நான்கு ஆண்டுகள் வங்கியில் கடன் விண்ணப்பங்களுக்குக் குறிப்பெழுதிய எனக்கு, உள்ளங்கைத் தீர்த்தத்தின் மணத்தைச் சொல்ல ஒரு சொல் அகப்படவில்லை.

முந்தைய ஆண்டு வந்த கொரோனாக் காய்ச்சல் அவளது முகரும் உணர்வைக் கொண்டுபோயிருந்தது. பலருக்குச் சில வாரங்களில் திரும்பிய உணர்வு அவளுக்கு ஓராண்டாகியும் திரும்பவில்லை. அடுப்பில் பால் தீய்ந்தாலும் தெரியாது. எரிவாயு கசிந்தால் என்ன ஆகும் என்பது என் கவலை. அவளுக்கோ வேறு கவலை. "கோயிலுக்குள் போனாலும் கோயிலுக்கு வந்தாற்போல் இல்லை" என்பாள்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒரு பயிற்சி கூறியிருந்தார். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, நீலகிரித் தைலம் ஆகிய நான்கையும் காலையும் மாலையும் சில நொடிகள் முகர்ந்து, அவற்றின் பழைய மணத்தை நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். தீர்த்தத்தின் குளிர்ச்சி மட்டும் தெரிந்ததற்கும் அவரே காரணம் சொன்னார். கர்ப்பூரத்தின் குளிர்ச்சியை உணர்த்துவது முகத்தின் தொடுவுணர்ச்சிக்குரிய வேறொரு நரம்பாம். அதற்கு நோய் எதுவும் நேரவில்லை.

அன்றுமுதல் எந்தக் கோயிலுக்குப் போனாலும் மணத்தைச் சொல்வது என் பொறுப்பாயிற்று.

பச்சைக் கர்ப்பூரத்தில் தொடங்கினேன். ஆரத்திக்கு ஏற்றும் சூடத்தின் மணம் நெற்றியில் அறைந்து, கண்ணைக் கரிக்கச் செய்து, உடனே மறையும். இன்றைய சூடம் பெரும்பாலும் பைன் மரத்து டர்ப்பன்டைனிலிருந்து ஆலையில் ஆவது. பச்சைக் கர்ப்பூரம் வேறு வகை. முதலில் விடியற்காலைக் குளிர். பின்னர் தொண்டைக்குள் இறங்கும் மெல்லிய கசப்பு. அதன் அடியில் ஈரமான மரப்பட்டை. இதைச் சொன்னதும், "இது மணமா, வானிலை அறிக்கையா?" என்று சிரித்தாள். பல மாதங்களுக்குப் பின் அவள் அப்படிச் சிரித்துக் கேட்டேன்.

இந்தக் கர்ப்பூரம் சுமத்திரா, போர்னியோ காடுகளில் வளரும் மரத்தில் தானே விளைவது. அதற்குப் பெயர்பெற்ற சுமத்திராவின் பாருஸ் துறைக்கருகே, 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. வெட்டுவித்தோர் நம் ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினர். பெருமாளின் தீர்த்தப் பாத்திரத்துக்குக் கடல் கடந்து வந்த பொருள் இது என்பதை அதுவரை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

சந்தனத்துக்கு உத்தரகோசமங்கைக்குச் சென்றோம். அங்கு மரகத நடராஜர் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பினுள் இருப்பார். மார்கழித் திருவாதிரைக்கு முதல்நாள் அது களையப்படும். களைந்த சந்தனத்தை வாங்கி அவள் உள்ளங்கையில் வைத்தேன். நல்ல சந்தனம் நம்மைத் தேடி வராது. நாம்தான் அருகே போக வேண்டும். காய்ச்சிய பாலின் இனிமை, பழைய மரப்பெட்டியைத் திறந்த வாசனை, கொஞ்சம் தயிர்ப் புளிப்பு. கடைகளில் விற்கும் சந்தன வில்லைகள் பல தெருமுனையிலிருந்தே கூவி அழைக்கின்றன. அவற்றை நான் சந்தனம் என்று ஒப்புவதில்லை. மரத்தின் நடுவிலுள்ள வைரத்துக்கே மணம் உண்டு, வெளிப்புற வெண்மரத்துக்கு இல்லை. அந்த வைரம் பாயப் பல்லாண்டுகள் ஆகும்.

என்னை மிகவும் திணறவைத்தது புனுகு. திருவொற்றியூரில் ஆதிபுரீஸ்வரர் ஆண்டெல்லாம் கவசத்துடன் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாள்கள் மட்டும் கவசம் திறக்கப்பட்டு, புனுகும் ஜவ்வாதும் சாம்பிராணித் தைலமும் சாத்தப்படும். நெரிசலில் நின்று நான் முகர்ந்த மணத்தை அவளிடம் எப்படிச் சொல்வது? தனியே முகர்ந்தால் புனுகு நாற்றம் என்றே சொல்லத்தக்கது, கூண்டின் நெடி. தைலத்தில் சிறிதளவு கரைந்தாலோ அதுவே உயிருள்ள உடலின் வெதுவெதுப்பாகிறது. "குழந்தையின் உச்சந்தலை போல" என்றேன். அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அது எனக்கு நினைவிருக்கிறது" என்றாள்.

புனுகுப் பூனை சிவனைப் பூசித்த தலம் என்றே மயிலாடுதுறைக் கூறைநாட்டில் புனுகீஸ்வரர் கோயில் இருக்கிறது. புனுகு மணத்தின் மூலப்பொருளான சிவெட்டோனின் அமைப்பைக் கண்டறிந்த ருசிக்கா, 1939இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். இன்று அதை ஆய்வகத்திலேயே செய்துவிடலாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் காப்பிலுள்ள அந்தப் பிராணியைக் கூண்டிலிட்டு வருத்தி எடுத்ததைத்தான் ஈசன் வேண்டுவார் என்று எனக்குத் தோன்றவில்லை. மரபு வழுவாது ஒழுகும் நண்பர்கள் என்னைக் கோபித்துக்கொள்ளலாம்.

திருக்கடையூரில் நின்றபோது மணம் சொல்லும் வேலை எனக்கு இல்லாமற் போயிற்று. குங்கிலியக் கலய நாயனாரின் ஊர் அது. பசித்திருக்கும் பிள்ளைகளுக்கு நெல் வாங்கிவரும்படி மனைவி தாலியைக் கழற்றித் தர, அதைக் கொடுத்து அவர் இறைவனுக்குக் குங்கிலியம் வாங்கிவிட்டார். இளமையில் இக்கதையைக் கேட்கும்போதெல்லாம் அந்த அம்மையாருக்காக வருந்துவேன். அன்றும் அதையே சொன்னேன். "நானாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன்" என்றாள் என் மனைவி. சிறிது கழித்து, "ஆனால் அந்தப் புகையை ஒருமுறை முகர்வதற்கு இப்போது நானும் எதையாவது கொடுத்துவிடுவேன்" என்றாள். நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

பயிற்சியை அவள் ஒருநாளும் விடவில்லை. முதலில் திரும்பியது கிராம்பு. ரோஜா திரும்பியபோது எரிந்த ரப்பராக வந்தது. அது ரோஜாவாக மாற மேலும் ஏழு மாதங்கள் ஆயின. சந்தனம் சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை. பச்சைக் கர்ப்பூரம் இன்னும் வரவில்லை.

சென்ற மாதம் மறுபடியும் தாயார் சந்நிதிக்குச் சென்றோம். தீர்த்தம் அருந்தியதும் வழக்கம்போல் என் முகத்தைப் பார்த்தாள். விடியற்காலைக் குளிர், மெல்லிய கசப்பு, மரப்பட்டை, கடைசியில் ஓர் ஏலக்காய் என்று வரிசையாகச் சொன்னேன்.

"போன தடவை ஏலக்காயைச் சொல்லவே இல்லையே" என்றாள்.