உங்களுக்குத் தெரியுமா? சோம்பு

• ஈப்போ கடைகளில் மசால் வடை வாசம் இழுக்கிறதா? அது சோம்பின் வேலை. அந்த மணத்தைத் தருவது ‘அனெத்தோல்’. அன்னாசிப்பூவிலும் இதுவே இருக்கிறது.

• விதை என்று நாம் மெல்லுவது, தாவரவியல்படி காய்ந்த கனி. கொத்தமல்லி, சீரகம், ஓமம், கேரட் எல்லாம் இதே குடும்பம்.

• பேராக் ரப்பர் தோட்ட லயங்களின் கொல்லையில் முருங்கையும் கறிவேப்பிலையும் செழித்தன; சோம்போ கடைச்சரக்குதான். மணி முற்றிக் காய மிதமான குளிரும் வறண்ட காற்றும் வேண்டும். இந்தியாவில் குஜராத்தும் ராஜஸ்தானும் அதிகம் விளைவிக்கின்றன.

• தழைக்காக வீட்டில் வளர்க்கலாம். ஆணிவேர்ச் செடி என்பதால் பிடுங்கி நட்டால் வாடும். ஆழமான தொட்டியில் நேரடியாக விதையுங்கள். தண்ணீர் தேங்கக் கூடாது. இளந்தழையைப் பொடியாக நறுக்கிப் பருப்பிலும் மீன்கறியிலும் தூவலாம்.

• ஆட்டுக்கறி மசாலாவுக்குச் சோம்பை இளந்தீயில் வறுத்து, ஆறியபின் அரையுங்கள். கருகினால் கசக்கும்.