கழுதையின் இரத்தத்தில் இருக்கும் சாட்சி

"கழுதைக்கு என்ன வருத்தம் வரப்போகுது?" கழுதைகளின் இரத்தப் பரிசோதனை பற்றி எழுதப்போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர் இப்படிக் கேட்டுச் சிரித்தார். வருத்தம் பெரிதாக வராது என்பதுதான் இங்கே விடயமே.

ஆபிரிக்கக் குதிரை நோய் என்றொரு வைரஸ் நோய் உண்டு. யெமனில் 1327இல் குதிரைகளைக் கொன்ற கொள்ளைநோய் பற்றி அறபு நூலொன்றில் வரும் குறிப்பையே இதன் முதற்பதிவாக ஆய்வாளர் கொள்கின்றனர். அந்நஹ்ல் அத்தியாயத்தின் 8ஆம் வசனம் குதிரை, கோவேறு கழுதை, கழுதை மூன்றையும் சேர்த்தே சொல்கிறது. இந்த நோயும் அந்த மூன்றையும் பிடிக்கும். ஆனால் ஒரே மாதிரி அல்ல. முன்பு இந்நோயைக் காணாத குதிரைகளில் பத்துக்கு ஒன்பது வரை செத்துப்போகலாம். கோவேறு கழுதைகளில் ஏறக்குறைய பாதி. கழுதைகளில் பத்துக்கு ஒன்று. ஆபிரிக்கக் கழுதைகளில் அதுவும் இல்லை. லேசான காய்ச்சலோடு போய்விடும். சொந்தக்காரனுக்கே தெரியாது.

நோயைப் பரப்புவது நுளம்பிலும் சிறிய, இரத்தம் குடிக்கும் குலிகோய்டிஸ் என்ற பூச்சி. மிருகத்திலிருந்து மிருகத்துக்கு நேரே தொற்றாது. மனிதர் பயப்படத் தேவையில்லை. கழுதையின் இரத்தத்தில் வைரஸ் நாலு கிழமை வரை இருக்கக்கூடும். அந்த நாட்களில் பூச்சி கடித்தால் அடுத்த குதிரைக்குப் போய்விடும்.

அதனால்தான் நோயில்லாத கழுதையிடம் இரத்தம் எடுக்கிறார்கள். கழுத்து நாளத்தில் சிறிது எடுத்து, உறையவிட்டு, மேலே தெளியும் நீர்ப்பாயத்தை எலிசா முறையில் சோதிப்பார்கள். தேடுவது வைரஸை அல்ல, வைரஸ் வந்துபோனதற்கு உடல் உண்டாக்கிய பிறபொருளெதிரியை. அது தோன்ற ஒரு கிழமைக்கு மேல் எடுக்கும். தோன்றினால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். இந்த வைரஸில் 9 வகை உண்டு. எலிசா ஒன்பதையும் ஒரே சொல்லில் "ஆம்" என்று சொல்லும். எந்த வகை என்பதற்கு வேறு சோதனை வேண்டும்.

இங்கேதான் பிழை நடப்பது. "ஆம்" என்றால் அந்தக் கழுதை இப்போது நோயைப் பரப்புகிறது என்று அர்த்தமில்லை. எப்போதோ தொற்றியிருக்கலாம். தடுப்பூசி போட்டிருக்கலாம். குட்டியாக இருந்தால் தாயின் சீம்பாலில் வந்த எதிரியாகவும் இருக்கலாம். இப்போது வைரஸ் இருக்கிறதா என்று அறிய பீ.சீ.ஆர். வேண்டும், அண்மையில் தொற்றியதா என்று அறிய இரண்டு, மூன்று கிழமை கழித்து மறுபடி இரத்தம் எடுத்து, அளவு கூடியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். (சோதனைத் தாளிலுள்ள ஒற்றைச் சொல்லை வைத்து என்னவெல்லாம் செய்வார்கள் என்று நமக்குப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. 2020இல் நம் ஜனாஸாக்களை எரித்த நாட்கள் மறக்கவில்லை.)

இது தூரத்துக் கதையல்ல. 1959க்குப் பின் சில ஆண்டுகளில் மத்திய கிழக்கிலிருந்து இந்தியா வரை 300,000க்கு மேற்பட்ட குதிரையினங்கள் மாண்டன. 1987இல் நமீபியாவிலிருந்து கொண்டுவந்த வரிக்குதிரைகளோடு நோய் ஸ்பெயினுக்குப் போனது. அவையும் கழுதை போலவே நோய் காட்டாதவை. 2020 மார்ச்சில் தாய்லாந்தின் நக்கோன் ராட்சசீமாவில் வந்தது, 500க்கு மேற்பட்ட குதிரைகளைக் கொன்றது.

நமக்கு நெடுந்தீவில் குதிரைகள் இருக்கின்றன. மன்னாரிலும் புத்தளம் பக்கத்திலும் கடைத்தெருவில் கடதாசி மென்றபடி கட்டாக்காலிக் கழுதைகள் இருக்கின்றன. அறபு வணிகர் கொண்டுவந்தவை என்பது ஊர் வழக்கு. ஒருநாள் மிருக வைத்தியர் ஊசியோடு வந்தால் விரட்டவேண்டாம், கழுதையைப் பிடித்துக் கொடுங்கள். முடிவு வந்தபின் யாராவது "எல்லாத்தையும் கொல்லோணும்" எண்டு கிளம்பினால் மட்டும் கேளுங்கள்: இது எலிசாவா, பீ.சீ.ஆரா? இரண்டாவது இரத்தம் எப்போது எடுத்தது?